தமிழ்நாட்டில் தொடர்ந்து வாழலாமா? வேலூரிலிருந்து ஒரு பயனாளியின் மதிப்புரை

ஓய்வுபெற்ற பிறகு வேலூரிலேயே இருந்துவிடுவதா, மகள் வேலை பார்க்கும் பெங்களூருக்குக் குடிபெயர்வதா என்பது எங்கள் வீட்டில் நெடுநாளாகப் பேசித் தீராத விஷயம். இந்தப் பேச்சு நடக்காத நடுத்தரக் குடும்பம் எங்கள் ஊரில் அரிது. காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் இரண்டு மணி நேரத்தில் சென்னை, மறுபக்கம் நான்கு மணி நேரத்துக்குள் பெங்களூரு என்பதால், படிப்பை முடிக்கும் பிள்ளைகள் இரண்டில் ஒன்றுக்குப் போய்விடுகிறார்கள். சில ஆண்டுகளில் பெற்றோரையும் அழைக்கிறார்கள். வெயில், தண்ணீர், லஞ்சம், சாதி என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் நீளுகின்றன. இருக்க விரும்புகிறவர்களோ சொந்த ஊர் என்பதற்கு மேல் பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை. ஊரின் மேல் பற்று வைக்க அது போதும், முதுமைக் காலத்தை எங்கே கழிப்பது என்று முடிவெடுக்கப் போதாது. ஆகவே இந்த மாநிலம் தன் குடிமக்களுக்குத் தரும் சேவைகளில் நானும் என் குடும்பமும் பயன்படுத்தியவற்றை, கடைக்கோ மருத்துவமனைக்கோ மதிப்புரை எழுதுவதைப் போலவே எடுத்தெழுதுகிறேன். எங்களுக்கு நேராத சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் நேர்ந்ததும் இந்த மாநிலத்தின் தரத்தில் அடங்கியதே.

முதலில் ரேஷன் கடையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதந்தோறும் அரசோடு நாங்கள் நேருக்கு நேர் நிற்கும் இடம் அதுதான். தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் அதிகமான குடும்ப அட்டைகள் உள்ளன. அவற்றுக்குப் பொருள் வழங்கும் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. 1997இல் மத்திய அரசு மக்களை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்து, கீழுள்ளவர்களுக்கு மட்டும் மலிவு விலையில் பொருள் என்ற முறைக்கு மாறியபோது, எல்லோருக்கும் உண்டு என்ற பழைய முறையைத் தமிழ்நாடு விடவில்லை. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த பிறகும், அச்சட்டம் கணக்கில் கொள்ளாத குடும்பங்களுக்கான அரிசியை மாநிலம் தன் செலவில் தந்து வருகிறது. 2007 முதல் துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் கிடைக்கின்றன. பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாயாக்கப்பட்ட அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வழங்கப்படுகிறது. ஆட்சிகள் மாறின, ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் நிறுத்தவில்லை; இந்த ஒரு தொடர்ச்சியை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த முறையின் பயனைப் பணக் கணக்கில் மட்டும் பார்ப்பவர்கள், வசதியுள்ளவருக்கு எதற்கு இலவச அரிசி என்று கேட்கிறார்கள். எங்கள் கடை வரிசையில் நிற்கும்போது அதற்கான பதில் எனக்குக் கிடைத்தது. கட்டட வேலைக்குப் போகும் பெண்ணும், பள்ளி ஆசிரியரும், பீடி சுற்றும் மூதாட்டியும் ஒரே வரிசையில் நிற்பதால், எடை குறைந்தால் கேட்பதற்கு அங்கே யாராவது ஒருவர் இருக்கிறார். ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்கும் தைரியமும் கேட்டால் பதில் பெறும் செல்வாக்கும் வரிசையிலிருந்து போயிருக்கும். யார் ஏழை என்று ஓர் அலுவலர் தீர்மானிக்கும் இடத்தில் அந்தத் தீர்மானத்துக்கு ஒரு விலை உருவாகிவிடும் என்பதும் நாம் அறியாததன்று. மேலும் வசதி என்பது நிலையான ஒன்றன்று. 2020இலும் 2021இலும் ஊரடங்கில் சம்பளம் நின்ற குடும்பங்களில் எத்தனையோ, அதற்கு முந்தைய ஆண்டு வரை வசதியுள்ளவை என்று கணக்கிடப்பட்டிருக்கும். கையில் அட்டை இருந்ததால், யாரிடமும் போய் நிரூபிக்காமல், 2021இல் நான்காயிரம் ரூபாயும் மளிகைப் பொருள்களும் அதே கடையில் அவர்களுக்குக் கிடைத்தன.

தரத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். புழுங்கல் அரிசி இட்லி மாவுக்கு நன்றாகவே இருக்கிறது. எங்கள் தெருவில் இட்லிக்கு வெளிச்சந்தை அரிசி வாங்காத வீடுகள் பல. சோற்றுக்கு எல்லா மாதமும் ஏற்றதாக இருப்பதில்லை, சில மாதங்களில் வாடை அடிக்கும். பருப்பும் பாமாயிலும் மாதக் கடைசியில் தீர்ந்துவிடுவது பழைய குறை. 2024 மே, ஜூன் மாதங்களில் மாநிலம் முழுவதுமே அவை தாமதப்பட்டு, ஒரு மாதத்துப் பொருளை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ள அனுமதிக்கும் நிலை வந்தது. வயதானவர்களுக்குக் கைரேகை பதியாமல் போவது இன்னொரு துன்பம். ரேகை தேய்ந்துபோன என் தாயார் இயந்திரத்தில் விரலை வைத்து வைத்து எடுத்ததைப் பார்த்து எனக்கு மனம் வெதும்பியிருக்கிறது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருளைக் கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது அந்த வகையில் பெரிய ஆறுதல். கர்நாடகத்தில் அன்னபாக்யா அரிசி குறிப்பிட்ட அட்டைகளை உடையவர்களுக்கு மட்டுமே. நாங்கள் அங்கே போனால் எங்களுக்குக் கிடைக்காது, அதை வாங்கிக்கொள்ளும் வசதி எங்களுக்கு உண்டு என்பதும் உண்மை. ஆயினும் ஒரு மாநிலத்தை மதிப்பிடும்போது என் சமையலறையை மட்டும் பார்த்தால் போதாது என்று நினைக்கிறேன்.

அடுத்தது மருத்துவம். வேலூர் என்றாலே நாடு முழுவதும் நினைவுக்கு வருவது ஐடா ஸ்கட்டர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைதான், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வந்து அதைச் சுற்றியுள்ள விடுதிகளில் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். அது தனியார் தொண்டு அமைப்பு நடத்துவது, மாநிலத்தின் கணக்கில் சேராது. நான் சொல்ல வருவது அடுக்கம்பாறையில் 2005 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும், அதைவிட முக்கியமாக ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களையும் பற்றி. 2018–20 காலத்துக்கான மாதிரிப் பதிவு முறைக் கணக்கில், இந்தியாவில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர் இறந்தார்கள். 2020இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நாட்டளவில் 28, இங்கே 13. இந்த வேறுபாட்டைப் பெருநகர மருத்துவமனைகளால் மட்டும் உண்டாக்க முடியாது. வீடு தேடி வந்து கர்ப்பிணியைப் பதிவு செய்யும் கிராம சுகாதாரச் செவிலியரும், மருந்து இல்லை என்று கைவிரிக்காத மருந்தகமும், அழைத்தால் வரும் 108 வண்டியும் சேர்ந்து உண்டாக்கியது அது. 1990களின் நடுவில் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்குமான மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் முறையை ஏற்படுத்தியது. வேறு மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை அது.

என் தாயாருக்கு இரத்த அழுத்த மாத்திரை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தில் வரும் பெண் பணியாளர் எங்கள் பகுதியைச் சேர்ந்தவர் என்பதால், மாத்திரையைத் தந்துவிட்டுப் போவதோடு நிற்காமல், "போன மாசம் மாத்திரைய ஒழுங்கா போட்டீங்களாம்மா?" என்றும் கேட்கிறார். அந்தக் கேள்வியின் மதிப்பை, முதியவர்களைத் தனியே விட்டுவிட்டு வேறூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அறிவார்கள். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, அவர் எந்த மாநிலத்தவராயினும், அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊடாகச் செல்லும் எங்கள் மாவட்டத்தில் அதன் அருமை பலருக்கு நேரடியாகத் தெரியும். குறை இல்லாமல் இல்லை. பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒரு ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நாள்களும், படுக்கைக்கு அருகே பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவினர்களும், கழிப்பறைகளின் நிலையும் ஒரு வளமான மாநிலத்துக்கு ஏற்றவையல்ல. சக்கர நாற்காலியைத் தள்ள ஒருவர் பணம் கேட்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

பேருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பயணம் செய்யும் பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறியது. ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதிகளின் காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்களுக்கு அது சம்பள உயர்வு கிடைத்ததற்குச் சமம். சில நிறுத்தங்களில், பெண்கள் மட்டும் நின்றால் வண்டி நிற்காமல் போய்விடுகிறது. இது நடக்கும்போதெல்லாம் திட்டத்தின் நோக்கமே அவமதிக்கப்படுகிறது. பெங்களூரின் மெட்ரோவும் குளிர்சாதனப் பேருந்துகளும் எங்களிடம் இல்லை. ஆனால் பக்கத்துக் கிராமத்துக்குப் பேருந்து இருக்கிறதா என்று கேட்டால், தமிழ்நாட்டில் பெரும்பாலும் இருக்கிறது என்பதே பதில்.

பள்ளியைப் பொறுத்தவரை, என் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டதால் பேரப்பிள்ளைகளை முன்னிட்டே பேச முடியும். 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலத் திட்டமான மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது, பிறகு முட்டை சேர்ந்தது, 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. ஒரு தட்டில் அறுபது, எழுபது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். உயர்கல்வியில் சேர்வோரின் விகிதம் 2021–22இல் நாட்டளவில் 28 விழுக்காடாக இருந்தபோது இங்கே 47 விழுக்காடு. ஆனால் அந்தப் பட்டங்களின் தரத்தைப் பற்றிப் பெருமைப்பட முடியவில்லை. எங்கள் பகுதியின் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் பிள்ளைகளில் பலர் தாம் படித்ததற்குத் தொடர்பில்லாத வேலைகளில் குறைந்த சம்பளத்துக்கு அமர்வதைப் பார்க்கிறோம். அவர்களில் திறமையானவர்கள்தான் அடுத்த ரயிலில் பெங்களூருக்குப் போகிறார்கள்.

இதுவரை சொன்னவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: தனி ஆளுக்கும் தனிக் குடும்பத்துக்கும் கையில் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதை இந்த மாநிலம் நாட்டின் பெரும்பாலான மாநிலங்களைவிடச் சிறப்பாகச் செய்கிறது. ஊருக்குப் பொதுவாக இருப்பதை, யார் கையிலும் கொடுக்க முடியாததை, காப்பாற்றுவதில் அது திரும்பத் திரும்பத் தவறுகிறது. அரிசிக்கு அட்டை இருக்கிறது, ஆற்றுக்கு இல்லை.

பாலாற்றைப் பற்றிப் பேசாமல் வேலூரில் வாழ்வதைப் பற்றி எழுத முடியாது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி அருகே தமிழ்நாட்டுக்குள் நுழையும் இந்த ஆற்றில் நீர் ஓடுவதை எங்கள் தலைமுறை எப்போதாவதுதான் கண்டிருக்கிறது. மேலே தடுப்பணைகள் கட்டப்பட்டது உண்மை. ஆனால் மீதியிருந்ததை அழித்தது நாமேதான். மேற்பரப்பில் நீர் இல்லாவிட்டாலும் மணலுக்கு அடியில் ஊற்று இருந்தது. ஆற்றில் ஊற்று தோண்டிக் குடிநீர் எடுத்த காலம் என் தாயாருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மணலை லாரி லாரியாக அள்ளினார்கள். எஞ்சிய நிலத்தடி நீரில் வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரையிலான தோல் தொழிற்சாலைகளின் கழிவு கலந்தது. எங்கள் மாவட்டத்து மக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்பு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அதே பாலாற்றின் மாசு குறித்து 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. இடையில் 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அதே ஊரில், மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் குரோமியக் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், பல ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தது.

இதன் விளைவாக, பாலாற்றங்கரையில் வசிக்கும் நாங்கள் குடிப்பது மேட்டூர்ப் பகுதியிலிருந்து குழாயில் வரும் காவிரி நீர். அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இல்லாவிட்டால் இங்கே வாழ்வதைப் பற்றிய கேள்விக்கே இடமிருக்காது. அதைக் கட்டியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த நீர் நாள் தவறாமல் வருவதில்லை. வருகிற நாளில் குடங்களையும் தொட்டியையும் நிரப்பிவைத்து, மற்ற நாள்களில் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரில் புழங்கி, குடிக்கக் கேன் வாங்கும் வழக்கத்துக்கு ஊரே பழகிவிட்டது. 2019 ஜூலையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த ஜோலார்ப்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் ரயில் ஏறி வில்லிவாக்கம் சென்றது இதே காவிரி நீர்தான். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். தாகத்தில் தவித்தவர்களுக்குத் தண்ணீர் தந்ததை எவரும் குறைசொல்ல முடியாது. ஆயினும் 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஒரு மாநிலத்தின் தலைநகர், ஆறு வற்றிய ஒரு மாவட்டத்திலிருந்து, அந்த மாவட்டமே இன்னோர் ஆற்றிலிருந்து கடன் வாங்கிய நீரைப் பெற நேர்ந்தது என் மனத்தை இன்றும் வருத்துகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, வந்த வேகத்திலேயே அத்தனையும் கடலுக்குப் போனதைக் கரையில் நின்று பார்த்தோம்.

இத்தகைய பொதுச் சொத்தைக் கண்காணிக்க வேண்டியவை உள்ளாட்சிகள். எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின் 2021 அக்டோபரில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரே இல்லாமல், தனி அலுவலர்களைக் கொண்டு கிராமங்கள் நிர்வகிக்கப்பட்டன. வேறு பல மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் போயின. குப்பை எங்கே கொட்டப்படுகிறது, ஏரிக்கரையில் யார் வேலி போடுகிறார்கள், தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்க ஊரில் ஆள் இல்லாதபோது, எல்லாக் கேள்விகளும் சென்னைக் கோட்டையிலுள்ள தலைமைச் செயலகத்தை நோக்கிப் போகின்றன. மாநில உரிமைக்காக இவ்வளவு உறுதியாகக் குரல் கொடுக்கும் கட்சிகள், அதே உரிமையை ஊராட்சிக்குத் தரத் தயங்குவது எனக்கு மிகுந்த ஏமாற்றம்.

அலுவலகங்களைப் பற்றி ஒரு சொல். இணையத்தில் பதிவு செய்து பெறும் சான்றிதழ்கள், குறிப்பாக வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவை, இ-சேவை மையம் வழியாக முன்பைவிட விரைவாகக் கிடைக்கின்றன. நிலம் தொடர்பான எதுவும் அப்படியில்லை. உட்பிரிவோடு கூடிய ஒரு பட்டா மாற்றத்துக்காக நாங்கள் ஓர் அலுவலகத்துக்கு அலைந்தபோது, அளவை செய்ய வருவதற்கான தேதியே கிடைக்கவில்லை. வெளியே நின்ற இடைத்தரகர் ஒருவர், என்ன தொகை தந்தால் எந்த வாரத்தில் முடியும் என்று மிகத் தெளிவாகச் சொன்னார். பணம் தராமல், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தோம், பல மாதங்களுக்குப் பிறகு வேலை முடிந்தது. முடிந்ததே என்று மகிழ்வதா, ஒரு மாவட்ட ஆட்சியர் தலையிட்டால்தான் ஒரு சர்வேயர் வருவார் என்ற நிலைக்கு வருந்துவதா? கர்நாடகத்தில் 2011ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் சகாலா என்ற பெயரில் அரசு சேவைகளுக்குக் கால வரம்பு வைத்திருக்கிறார்கள். சேவை பெறும் உரிமைக்கான அப்படியொரு சட்டத்தைத் தமிழ்நாட்டு மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள்.

மதுவைப் பற்றியும் குறிப்பிட வேண்டும், அதிகம் எழுத மனமில்லை. 2003 நவம்பர் முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசே நடத்துகிறது. ஆண்டுக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வருகிறது. அரசே விற்பதால் கள்ளச்சாராயம் ஒழியும் என்று சொல்லப்பட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கும் மேல் மாண்டார்கள். மகளிர் உரிமைத்தொகையாக மாதம் ஆயிரம் ரூபாய் வந்து சேரும் வீட்டிலிருந்தே அதைவிடப் பெரிய தொகை டாஸ்மாக் கடைக்குப் போவதை எங்கள் பகுதியில் பல பெண்கள் கண்ணீரோடு சொல்கிறார்கள்.

பிள்ளைகள் சொல்லும் காரணங்களில் நான் மறுக்க முடியாமல் நின்றது சாதி. வாடகைக்கு வீடு தேடியபோது எங்களிடமும் சுற்றி வளைத்து அது கேட்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, மயானத்துக்குப் போகும் வழி மறிக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படிக்கும் மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளின் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்குவது, மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பது முதலிய பரிந்துரைகளை 2024 ஜூனில் அளித்தது. ஒரே வரிசையில் நின்று அரிசி வாங்கும் மக்கள் ஒரே வழியில் பிணத்தைக் கொண்டுபோக முடியவில்லை என்றால், இந்த மாநிலம் யாருக்கு வாழத் தகுந்தது என்ற கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்ல முடியாது. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்த் தலித் இளைஞர்களில் சிலர் திரும்பி வர விரும்பாததற்குச் சம்பளம் மட்டும் காரணமன்று. அவர்கள் முன்னால் சொந்த ஊரின் பெருமையைப் பேச எனக்கு நா எழுவதில்லை. பெங்களூரில் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நம் தாத்தாவின் பெயரை அறிந்திருப்பதில்லை, அவ்வளவுதான்.

எதிர்காலத்தைப் பற்றி இரண்டு கவலைகள் உள்ளன. மாநிலத்தின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 2020இலேயே 1.4க்கு இறங்கிவிட்டது, கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் இது. 2025 மார்ச்சில் தாக்கலான நிதிநிலை அறிக்கை, அடுத்த நிதியாண்டின் இறுதியில் மாநிலத்தின் கடன் 9 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும் என்று கணித்தது. முதியோர் பெருகி, உழைப்போர் குறைந்து, கடனும் ஏறினால் நான் மேலே பாராட்டிய சேவைகளை எவ்வளவு காலம் எல்லோருக்கும் தர முடியும் என்பது நியாயமான அச்சம். மறுபக்கத்தில், நாட்டிலேயே தொழிற்சாலைகளின் எண்ணிக்கை அதிகமுள்ள மாநிலமும், தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இந்தியப் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவரைக் கொண்ட மாநிலமும் இதுவே. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9 ஆயிரம் கோடி ரூபாயில் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நிலையான வேலை கிடைக்குமா, ஒப்பந்தக் கூலிதானா என்பதைப் பொறுத்தே காட்பாடி நடைமேடையின் கூட்டம் குறைவதும் கூடுவதும் இருக்கும்.

நாங்கள் இங்கேயே இருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நோயுற்ற முதியவர் இருக்கும் வீடு, குறைந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீடு, வேலைக்குப் போகும் பெண்கள் உள்ள வீடு ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு இன்றும் நல்ல மாநிலம் என்று தயங்காமல் பரிந்துரைப்பேன். தொழில் வாழ்க்கையின் தொடக்கத்தில் இருக்கும் பொறியாளரை எங்கள் ஊரில் இருந்துகொள் என்று வற்புறுத்த மாட்டேன். சென்னைக்கோ கோவைக்கோ போகலாம், பெங்களூருக்குப் போனாலும் தவறில்லை.

வேலூர்ப் பக்கம் வந்து குடியேற நினைப்பவர்கள் டிசம்பரில் வந்து வீடு பார்க்காதீர்கள். அப்போது எல்லா இடமும் குளிர்ச்சியாக இருக்கும், கிணறுகளில் நீர் நிற்கும். மே மாதத்தில், 40 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தும் ஒரு நாளில் வாருங்கள். காவிரிக் குழாய் அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் விடுகிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மனை ஏரியின் நீர்வரத்துப் பாதையில் இருந்ததா என்பதைக் கிராமப் பழைய வரைபடத்தில் பாருங்கள். தாய்ப் பத்திரமும், உட்பிரிவு முடிந்து வந்த பட்டாவும் கையில் இல்லாத நிலத்துக்கு முன்பணம் தராதீர்கள். ரேஷன் அட்டையில் முகவரி மாற்ற இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், அதற்கு யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.